குழந்தைகளின் பொழுது யாருக்குச் சொந்தம்?

(ஒரு படிப்பகத்தின் ஆண்டு விழாவில், பிள்ளைகளுக்கான மாலை நேர இலவச வகுப்பைத் துவக்கி வைத்துப் பேசியது)



இந்தப் படிப்பகத்தின் சார்பில் பிள்ளைகளுக்காக ஏற்படுத்தப்படும் மாலை வகுப்பைத் துவக்கி வைக்கும்படி என்னை அழைத்திருக்கிறீர்கள். துவக்கி வைக்க வந்தவன் அந்தக் காரியத்தைப் புகழ்ந்து நாலு வார்த்தை சொல்லிவிட்டு, போட்ட மாலையைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விடுவதுதான் வழக்கம். நான் சற்று மாறுபாடாகவே பேச வேண்டியிருக்கிறது. அதற்காக நிர்வாகத் தோழர்கள் என்மேல் வருத்தப்படக் கூடாது. வீட்டிற்குப் போய் நிதானமாக யோசித்துப் பார்த்து, சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

கூட்டத்திற்கு நான் அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டேன். இந்தக் கட்டடத்திற்குப் பின்னாலே இருக்கிற காலி மனையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பையனுடைய பம்பரம் வட்டத்துக்குள் மாட்டிக்கொண்டது. மற்றவர்கள் அதன்மேல் ஆக்கர் வைத்தார்கள். அதில் ஒரு குத்து செல்லுமா செல்லாதா என்று தகராறு வந்தது. ஐந்து நிமிஷம் எல்லோரும் கத்தினார்கள். பிறகு ஒருவன், "சரி, இந்தத் தடவை செல்லும், அடுத்த தடவையிலிருந்து செல்லாது" என்று ஒரு தீர்ப்புச் சொன்னான். மற்றவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆட்டம் மறுபடியும் நடந்தது. வக்கீல் இல்லை, கோர்ட்டு இல்லை, அபராதம் இல்லை. அந்தச் சமயத்தில் நமது தோழர் ஒருவர் ஓடி வந்து, "டேய், என்னடா காலித்தனம், பெரியவர்கள் பேச வந்திருக்கிறார்கள், எல்லோரும் வந்து முன்னாலே உட்காருங்கள்" என்று விரட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்தார். இதோ முன்வரிசையில் இருக்கிறார்கள். இரண்டு பேர் இப்போதே தூங்கிவிட்டார்கள். அவர்களை எழுப்ப வேண்டாம். பிள்ளைகளுடைய நன்மைக்காகக் கூட்டின கூட்டத்திற்கு முதல் பலி பிள்ளைகளுடைய விளையாட்டாக இருக்கிறது.

நிற்க, எனக்கு அனுப்பிய நோட்டீசில் வகுப்பு நேரம் மாலை 5 மணி முதல் 8 மணி வரை, ஞாயிற்றுக்கிழமை உட்பட என்று அச்சிட்டிருக்கிறீர்கள். இதைப் பார்த்துவிட்டு, முன்வரிசையில் இருக்கிற ஒரு பையனிடம் அவனுடைய பொழுது எப்படிப் போகிறது என்று விசாரித்தேன். இரண்டாம் வகுப்புப் படிக்கிறானாம். காலையில் ஏழே முக்கால் மணிக்குப் பள்ளிக்கூட வேன் வருகிறது. சாயங்காலம் நாலே முக்கால் மணிக்குத் திரும்பக் கொண்டுவந்து இறக்குகிறது. இது 9 மணி நேரம். உங்கள் வகுப்பு 3 மணி நேரம். அதன் பிறகு வீட்டுப்பாடம் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக 13 மணி நேரம்!

தோழர்களே! ஆலைத் தொழிலாளி எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம் என்பதற்காக உலகத்தில் எவ்வளவு பெரிய கிளர்ச்சி நடந்திருக்கிறது! வேலை எட்டு மணி, உறக்கம் எட்டு மணி, மீதி எட்டு மணி மனிதனுடைய சொந்தப் பொழுது என்று கேட்டு எத்தனை பேர் உயிரை விட்டிருக்கிறார்கள்! நமது சென்னையிலேயே தோழர் சிங்காரவேலர் 1923-ஆம் வருஷத்தில் மே நாளைக் கொண்டாடினார். 1948-இல் வந்த தொழிற்சாலைச் சட்டம் வயது வந்த தொழிலாளிக்கே வாரத்திற்கு 48 மணிக்கு மேல் சாதாரணமாக வேலை வாங்கக் கூடாது என்று சொல்லிற்று. மீசை முளைத்த ஆளுக்கு எட்டு மணி நேரம் போதும் என்று கொடி பிடித்த நாம், பால் பல் விழாத பிள்ளைக்கு 13 மணி நேரம் விதித்து நோட்டீசு போடுகிறோம் என்றால் இதற்கு என்ன பெயர் வைப்பது என்று கேட்கிறேன்.

உடனே உங்களில் சிலர் மனதில் ஒரு கேள்வி எழும். அது நியாயமான கேள்விதான். "ஐயா, ஆயிரக்கணக்கான வருஷங்களாகப் படிப்பு நமக்குக் கிட்டாமல் இருந்தது. இப்போதுதான் நமது பிள்ளைகள் பள்ளிக்கூட வாசற்படியை மிதித்திருக்கிறார்கள். இப்போது போய் விளையாட விடு என்கிறீரே, நாங்கள் மறுபடியும் மாடு மேய்க்கப் போகவா?" என்று கேட்பீர்கள். சில பேருக்கு 1953-ஆம் வருஷத்திய சங்கதிகூட ஞாபகத்திற்கு வரலாம். அந்த வருஷத்தில் இராஜகோபாலாச்சாரியார் மந்திரிசபை, ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் நாளுக்கு மூன்று மணி நேரம் படித்தால் போதும், மீதி நேரம் தகப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் பெற்று, பலத்த எதிர்ப்புக்கு ஆளாகி, 1954-இல் காமராஜர் முதன் மந்திரியாக வந்த பிறகு அது கைவிடப்பட்டது. "அதுவும் பிள்ளைகளுக்கு ஓய்வு கொடுத்த திட்டந்தானே?" என்று யாராவது சாமர்த்தியமாகக் கேட்கக்கூடும்.

இல்லை என்பதுதான் என் பதில். அந்தத் திட்டம் பள்ளிக்கூடத்திலிருந்து மிச்சம் பிடித்த நேரத்தைப் பிள்ளையின் கையில் கொடுக்கவில்லை. தகப்பனுடைய உளியிடமும் தறியிடமும் சவரக் கத்தியிடமும் கொடுத்தது. பிள்ளையின் பொழுது தகப்பனுக்குச் சொந்தம், தகப்பனுடைய பொழுது அவனுடைய சாதிக்குச் சொந்தம் என்பது அதன் அடிப்படை. இன்றைக்கு நாமும் வேறு வழியில் அதே இடத்திற்குத்தான் போய்ச் சேருகிறோம். பிள்ளையின் பொழுது தகப்பனுக்குச் சொந்தம், தகப்பனுடைய ஆசை பரீட்சை மார்க்குக்குச் சொந்தம் என்கிறோம். இரண்டு கணக்கிலும் பிள்ளையின் பேரில் ஒரு மணி நேரம்கூட எழுதப்படவில்லை.

படிப்பு வேண்டாமென்று நான் சொல்லவில்லை. படிப்புத்தான் நமக்கு ஏணி. ஆனால் ஏணியில் ஏறுகிறவனுக்குக் கால் வேண்டாமா? அன்றியும் ஒன்றை யோசித்துப் பாருங்கள். விளையாட்டு என்பது இந்த நாட்டில் எப்போது யாருக்கு இருந்திருக்கிறது? பங்களாக்காரர் வீட்டுப் பிள்ளைக்குத் தோட்டமுண்டு, ஊஞ்சலுண்டு, மூன்று சக்கர வண்டியுண்டு. நம் வீட்டுப் பிள்ளை ஐந்து வயதில் தம்பியை இடுப்பில் தூக்கிற்று; ஏழு வயதில் விறகு பொறுக்கிற்று; ஒன்பது வயதில் கூலிக்குப் போயிற்று. தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்கின பிள்ளைகளைப் பற்றிச் சிவகாசிப் பக்கத்துத் தோழர்களைக் கேட்டுப் பாருங்கள். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-இல் வந்தது. 2016-இல் அதைத் திருத்தி, 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை எந்தத் தொழிலிலும் வைக்கக் கூடாது என்றார்கள். என்றாலும் குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவி செய்யலாம் என்று ஒரு சந்தும் வைத்துவிட்டார்கள். ஆகவே, படிப்பு எப்படி நமக்கு மறுக்கப்பட்டதோ அப்படியே விளையாட்டும் நமக்கு மறுக்கப்பட்டதுதான். ஒன்றை மீட்டுக்கொண்டு மற்றொன்றை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? பணக்காரன் பிள்ளை ஆடினால் அதற்குப் பெயர் ஸ்போர்ட்ஸ். ஏழைப் பிள்ளை ஆடினால் காலித்தனம். சற்று முன் நமது தோழர் வாயிலிருந்து வந்ததும் அந்த வார்த்தைதான். அவரைக் குறை சொல்லவில்லை. நமது எல்லோருடைய வாயிலும் அது ஊறிப்போயிருக்கிறது.

சரி, விளையாடினால் என்ன வருகிறது? பல்லாங்குழியை எடுத்துக்கொள்ளுங்கள். பதினாலு குழி, எங்கள் பக்கத்தில் குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, ஆக எழுபது. காலியாக இருந்த குழியில் ஒவ்வொன்றாக விழுந்து நாலு சேர்ந்தால் அது பசு. குழிக்குச் சொந்தக்காரி எடுத்துக்கொள்ளலாம். எந்தக் குழியிலிருந்து எடுத்து விட்டால் எங்கே போய் முடியும் என்று எழுத்து வாசனையே இல்லாத கிழவி ஒரு பார்வையிலே கண்டுபிடிப்பாள். ஆனால் நான் இதைச் சொல்லுவது, விளையாடினால் கணக்கு வரும், ஆகையால் விளையாட விடுங்கள் என்பதற்காக அல்ல. அப்படிச் சொன்னால் நாளைக்கே பல்லாங்குழிக்கும் ஒரு டியூஷன் வைத்துவிடுவீர்கள். ஏற்கனவே வைத்தாய்விட்டது! ஸ்கேட்டிங்குக்கு டியூஷன், மணிச்சட்டத்துக்கு டியூஷன், சதுரங்கத்துக்கு டியூஷன். 2024-இல் நமது சென்னைப் பையன் குகேஷ் 18 வயதில் உலகச் சதுரங்கச் சாம்பியனானது நமக்கெல்லாம் பெருமைதான். அதற்காகத் தெருவில் ஓடுகிற பிள்ளைகளையெல்லாம் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ப் பலகைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு, அதை விளையாட்டு என்று சொன்னால், அது பிள்ளைக்கு விளையாட்டல்ல, இன்னொரு வேலைதான்.

நான் சொல்ல வந்த முக்கியமான சங்கதி வேறு. சுவிட்சர்லாந்தில் பியாஜே என்று ஒரு அறிஞர் இருந்தார். பிள்ளைகளுடைய அறிவு எப்படி வளருகிறது என்பதை ஆராய்ச்சி செய்வதே அவருக்கு ஆயுள் முழுவதும் வேலை. அவர் செய்த ஒரு காரியம் நமக்கு வேடிக்கையாக இருக்கும். கோலிக் குண்டுகளை எடுத்துக்கொண்டு பிள்ளைகளிடம் போய், "எனக்குக் கோலி ஆட்டம் மறந்துபோய்விட்டது, சொல்லிக்கொடு" என்று கேட்டு அவர்களோடு ஆடினார். ஆடிக்கொண்டே, "இந்த ஆட்டத்தின் சட்டத்தையெல்லாம் யார் செய்தார்கள்? இதை மாற்றலாமா?" என்று கேட்டார். 1932-இல் இதைப் புத்தகமாக வெளியிட்டார்.

அதில் அவர் கண்டது என்னவென்றால், ஐந்தாறு வயதுச் சிறுபிள்ளைகள், ஆட்டத்தின் சட்டம் பெரியவர்கள் செய்தது, அப்பா செய்தது, கடவுள் செய்தது, அதை மாற்றவே கூடாது, மாற்றினால் தப்பு என்று சொன்னார்கள். ஆனால் அப்படிச் சொன்ன பிள்ளைகளே ஆடும்போது அந்தச் சட்டத்தின்படி ஆடவில்லை. அவரவர் மனம் போனபடி ஆடினார்கள். பத்துப் பதினொரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோ, சட்டம் எங்களைப் போன்ற பிள்ளைகள் செய்ததுதான், எல்லோரும் ஒப்புக்கொண்டால் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். அவர்கள்தான் சட்டத்தை வெகு ஒழுங்காக அனுசரித்தார்கள்!

தோழர்களே! இதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை நினைத்துப் பாருங்கள். சட்டம் மேலேயிருந்து வந்தது என்று நம்புகிறவன் அதைக் கும்பிடுகிறான்; ஆனால் அதன்படி நடப்பதில்லை. சட்டம் நாமே கூடிச் செய்துகொண்டது என்று அறிந்தவன் கும்பிடுவதில்லை. ஆனால் அதன்படி நடக்கிறான். கோயில்களும் சாஸ்திரங்களும் நிறைந்த இந்த நாட்டிலே ஒழுக்கம் ஏன் இவ்வளவு மட்டமாக இருக்கிறது என்று நாம் மேடைக்கு மேடை கேட்டு வருகிறோமே, அதற்கு ஒரு கோலிக் குண்டு பதில் சொல்லுகிறது.

இந்த அறிவு பிள்ளைக்கு எப்படி வருகிறது? வயதானால் தானாக வந்துவிடுவதில்லை. தனக்குச் சமமான பிள்ளைகளோடு சேர்ந்து, சண்டை போட்டு, தர்க்கம் செய்து, விட்டுக்கொடுத்து, மறுபடியும் ஆடுவதாலே வருகிறது என்பதுதான் பியாஜேயின் அபிப்பிராயம். பெரியவன் பக்கத்தில் நின்றால் அது வராது. ஏனென்றால் பெரியவன் வாயைத் திறந்தவுடன் பிள்ளைகள் தர்க்கத்தை நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடும். பின்னாலே மனையில் அந்தப் பையன், "இந்தத் தடவை செல்லும், அடுத்த தடவையிலிருந்து செல்லாது" என்று சொன்னானே, அப்போது நான் நடுவராகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நான் ஒரு தீர்ப்புச் சொல்லியிருப்பேன். அவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு சட்டத்தைத் தாங்களே செய்து, தாங்களே அதற்குக் கட்டுப்படுகிற சந்தர்ப்பம் அவர்களுக்குப் போயிருக்கும்.

இந்தச் சங்கதி நமக்கு விளங்குவதைவிட ஆதிக்கக்காரர்களுக்குச் சீக்கிரம் விளங்கிவிடுகிறது. ஜெர்மனியில் பிரோபெல் என்பவர் 1837-இல் சிறுபிள்ளைகளுக்காக ஒரு ஸ்தாபனம் ஏற்படுத்தி, பின்னர் அதற்குக் கிண்டர்கார்டன், அதாவது குழந்தைகள் தோட்டம் என்று பெயரிட்டார். அங்கே புத்தகமில்லை, பரீட்சையில்லை. பந்தும் மரக்கட்டையும் பாட்டும் தோட்ட வேலையுந்தான். பிரோபெல் மிகுந்த தெய்வ பக்தி உள்ளவர். அப்படியிருந்தும் 1851-இல் பிரஷ்ய சர்க்கார், இந்தக் கிண்டர்கார்டன் பிள்ளைகளுக்கு நாத்திகத்தையும் சமதர்மத்தையும் புகட்டுகிறது என்று சொல்லித் தடை விதித்துவிட்டது! சமதர்மப் பற்றுள்ள அவருடைய உறவினர் ஒருவரையும் இவரையும் போட்டுக் குழப்பிக்கொண்டார்கள் என்று பிற்பாடு சொன்னார்கள். மறு வருஷமே பிரோபெல் இறந்துபோனார். 1860-இல்தான் தடையை நீக்கினார்கள். மூன்று வயதுப் பிள்ளை மரக்கட்டையை அடுக்குவதைப் பார்த்து ஒரு சர்க்கார் நடுங்கியிருக்கிறதென்றால் அதில் ஏதோ இருக்க வேண்டும் அல்லவா? அந்தப் பெயரை நாம் கடன் வாங்கி எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று வைத்துக்கொண்டு, தோட்டத்தை எடுத்துவிட்டு டெஸ்க்கைப் போட்டுவிட்டோம். பிரஷ்ய சர்க்கார் தடை போட்டுச் செய்ததை நாம் பீஸ் கட்டிச் செய்துகொள்ளுகிறோம். பின்லாந்து தேசத்தில் ஏழு வயதாகிற வருஷத்தில்தான் பிள்ளையை முதல் வகுப்பில் சேர்க்கிறார்கள். அந்தத் தேசத்தார் நம்மைவிட முட்டாள்களாகிவிடவில்லை.

இதுவரை ஊரார் தப்பைச் சொன்னேன். இனி என் தப்பையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஒரு மகனும் ஒரு மகளும். மகள் இளையவள். அவள் கிட்டிப்புள் ஆட்டத்தில் வெகு கெட்டி. அவள் அடித்த புள் நாலாம் வீட்டுக் கூரைக்கு மேலே போகும். பையன்கள் கட்சி பிரிக்கும்போது முதலில் அவளைத்தான் கேட்பார்கள். அவளுக்குப் பதினொரு வயதாயிருக்கும்போது ஒரு நாள் சாயங்காலம், என் தாயார் வாசலில் வந்து நின்று, "வயசுக்கு வரப்போகிற பெண்ணுக்கு இனிமேல் என்ன தெருவிலே குதிப்பு? உள்ளே வா" என்று கூப்பிட்டார்கள். அவள் கையில் கிட்டியோடு திண்ணைப் பக்கம் வந்தாள். நான் திண்ணையில் உட்கார்ந்து மறு நாள் கூட்டத்திற்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். என்ன கூட்டம் என்று நினைக்கிறீர்கள்? பெண் விடுதலைக் கூட்டந்தான். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரியும். நான் காகிதத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. என் தாயாரோடு அன்றைக்குச் சண்டை வேண்டாம் என்று நினைத்தேன். அவள் உள்ளே போய்க் கிட்டியைக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தாள். அவளைவிட இரண்டு வயது மூத்த என் மகன் அன்றைக்கும் இருட்டும் வரையில் ஆடிவிட்டுத்தான் வந்தான். மறு நாள் நான் மேடையில் ஒன்றரை மணி நேரம் பேசினேன். நல்ல கைதட்டல்.

போன வருஷம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய மகள், என் பேத்தி, வெளியே பிள்ளைகளோடு சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். படிக்கிற நேரமாயிற்றே, கூப்பிடு என்று நான் சொன்னேன். அவள் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அன்றைக்கு நீங்கள் ஏதாவது சொல்லுவீர்கள் என்று நினைத்தேன், அப்பா" என்றாள். எந்த அன்றைக்கு என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

தாய்மார்களே! ஆண் பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பில் பரீட்சை வந்து விளையாட்டை நிறுத்துகிறது. பெண் பிள்ளைக்கு உடம்பு வந்து நிறுத்துகிறது. அதற்கு முன்பாவது விடுகிறோமா? அண்ணன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் பையை எறிந்துவிட்டு ஓடுகிறான். தங்கை பையை வைத்துவிட்டுக் குடத்தை எடுக்கிறாள். "பிள்ளைகள் விளையாடுகிறார்கள்" என்று நாம் சொல்லும்போது அந்தப் பிள்ளைகளில் எத்தனை பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று இன்று சாயங்காலம் உங்கள் தெருவில் எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு எண்ணிக்கையும் எடுக்க வேண்டும். பம்பரம் விடுகிற பையன் எதிராளியின் கை லாவகத்தைப் பார்ப்பானே தவிர, அவன் எந்தத் தெரு என்று பார்ப்பதில்லை. ஜன்னலைத் திறந்து, "அந்தத் தெருப் பையனோடு உனக்கென்ன சேர்க்கை?" என்று கேட்கிறவர் யார்? படித்த நாம்தான். பிள்ளையின் ஒவ்வொரு நிமிஷமும் நமது கண்ணுக்குக் கீழேயே இருந்தால், அவன் யாரோடு சேரலாம் என்பதும் நமது புத்தியின்படியேதான் நடக்கும். நமது புத்தி எப்படிப்பட்டது என்பது நமக்குத் தெரியாததல்ல.

கைப்பேசியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தப்பாகிவிடும். "விளையாட நேரம் கொடுத்தால் செல்போனைத்தானே நோண்டுகிறான்?" என்கிறீர்கள். மனையை வேலி போட்டு அடைத்துவிட்டு, தெருவை மோட்டாருக்குக் கொடுத்துவிட்டு, கூட ஆடுகிற பிள்ளைகளையெல்லாம் டியூஷனுக்கு அனுப்பிவிட்டால், தனியாக நிற்கிற பிள்ளை வேறு எதை நோண்டும்? உலகச் சுகாதார ஸ்தாபனம் 2019-இல் சொன்னது, மூன்று நாலு வயதுப் பிள்ளை நாளைக்கு 3 மணி நேரமாவது ஓடியாட வேண்டும், திரைக்கு முன்னால் ஒரு மணி நேரத்திற்கு மேல் இருக்கக் கூடாது என்பது. நம் வீடுகளில் இந்தக் கணக்குத் தலைகீழாக இருக்கிறது. அதிலும், பிள்ளை கைப்பேசியைப் பார்க்கிறான் என்று நம்மிடம் குறை சொல்லுகிற தகப்பனார் அதைத் தமது கைப்பேசியிலிருந்து தலையை எடுக்காமலேதான் சொல்லுகிறார்.

சட்டத்திற்குக் குறைவில்லை. ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று ஐக்கிய நாடுகள் சபை 1989-இல் ஒரு உடன்படிக்கை செய்தது; அதன் 31-ஆவது விதி அது. இந்தியா 1992-இல் அதை ஏற்றுக்கொண்டது. 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டம், பள்ளிக்கூடத்திற்கு விளையாட்டு மைதானம் வேண்டும், பிள்ளையை அடிக்கக் கூடாது, மனதைப் புண்படுத்தக் கூடாது என்கிறது. ஒன்று இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று 2018-இல் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லிற்று. முன்வரிசைப் பையனுக்கு அந்தத் தீர்ப்பு போய்ச் சேரவில்லை. சேராததற்குப் பள்ளிக்கூடக்காரர்களை மாத்திரம் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. வீட்டுப்பாடம் கொடுக்காத பள்ளிக்கூடத்தைச் சோம்பேறிப் பள்ளிக்கூடம் என்று சொல்லிப் பிள்ளையை மாற்றுகிறவர்கள் நாம்தானே?

வீட்டில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். பெரிய காரியம் ஒன்றுமில்லை. பிள்ளை வீட்டுக்குள் நுழைந்தவுடன் "இன்றைக்கு எத்தனை மார்க்கு?" என்று கேட்காமலிருங்கள். சாப்பிடும்போது வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். சும்மா உட்கார்ந்து எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் "என்ன சும்மா இருக்கிறாய்?" என்று கேட்காதீர்கள், அது சும்மா இல்லை, எறும்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நீங்களும் ஒரு நாளைக்கு அரை மணி நேரம் எதையும் கற்றுக்கொடுக்கிற உத்தேசமில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். இது லேசான காரியமென்று நினைக்கிறீர்களா? நான் என் பேத்தியோடு செய்து பார்த்தேன். ஐந்து நிமிஷத்திற்குள் என் வாயிலிருந்து, "இதற்கு இங்கிலீஷில் என்ன சொல்லு?" என்று வந்துவிட்டது. அவள் எழுந்து போய்விட்டாள்.

கடைசியாக இந்த வகுப்பு விஷயம். வகுப்பே வேண்டாமென்று நான் சொல்ல மாட்டேன். எழுதப் படிக்கத் தெரியாத தாய் தகப்பனுக்குப் பிறந்து, சந்தேகம் கேட்க வீட்டில் ஆளில்லாத பிள்ளைகள் இந்த ஊரில் இருக்கிறார்கள். காசு கொடுத்து டியூஷன் வைக்க முடியாதவர்களுக்கு உபகாரம் செய்ய வேண்டுமென்று நீங்கள் ஏற்பாடு செய்தது மிகவும் போற்றத்தக்கது. ஆனால் ஐந்தாம் வகுப்புக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை விட்டுவிடுங்கள். மேற்பட்டவர்களுக்கு மாலை ஆறரை முதல் ஏழரை வரையில் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கேட்கிற சந்தேகத்தைத் தீர்த்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திவிடுங்கள். பெண் பிள்ளைகளை ஐந்து மணிக்கே இங்கே அனுப்பும்படி தாய்மார்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன். படிப்பதற்கு அல்ல, பின்னாலே மனைக்கு. அந்த மனையை லாரி நிறுத்துவதற்கு வாடகைக்கு விடலாமா என்று ஒரு யோசனை இருப்பதாகவும் தோழர்கள் சொன்னார்கள். வாடகைப் பணம் படிப்பகத்திற்கு அவசியந்தான், எனக்குத் தெரியாமலில்லை. அந்த யோசனையை இந்த ஒரு வருஷத்திற்காவது நிறுத்தி வைக்க வேண்டுகிறேன்.

நோட்டீசில் அந்த நேரத்தை மாற்றி மறுபடியும் அச்சடிக்க வேண்டியிருக்கும். அதற்கு ஆகிற செலவை நான் கொடுத்துவிடுகிறேன். தூங்குகிற இரண்டு பேரையும் பார்த்து எழுப்பி வீட்டில் கொண்டுபோய் விடுங்கள். மற்றவர்கள் போகலாம், பம்பரத்தைப் பிடுங்கி வைத்திருக்கிற தோழர் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.